கயிற்றுக்கு அந்தப் பக்கம்

பழைய ஆஸ்பத்திரியின் பின்கட்டு வார்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு கட்டில் கிடைத்தது. சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவர்கள்தான் அங்கே எல்லாரும். சுவரில் பினாயிலும் ஈரமும் கலந்த வாடை. வார்டை ஒட்டி நீண்ட நடைவழி. அதன் கோடியில் பூட்டிக் கிடக்கும் எக்ஸ்ரே அறை.

மகளுக்கு ஏழு வயது. வழியில் சோதனைச்சாவடியில் அப்பாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன நாளிலிருந்து அவள் பேசவில்லை. விளையாடவும் இல்லை.

ஒரு சாயங்காலம் விளையாடினாள்.

நடையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் கயிறு கட்டியிருந்தது. பிள்ளைகளின் கையில் குச்சித் துப்பாக்கிகள். தலைவி, முன்பல் விழுந்த ஒரு சிறுமி. எல்லாரும் அவளைக் கேப்டன் என்பார்கள். சொந்தம் என்று அந்த வார்டில் அவளுக்கு யாரும் இல்லை. வாளியோடு வந்த துப்புரவு அக்காவை மறித்தாள்.

“கார்டு?” பல் சந்தில் காற்று பிசிறியது.

“என் மூஞ்சிதான்டி கார்டு. தண்ணி சிந்திச்சுன்னா நீதான் துடைக்கணும், கேப்டன்.”

“சரி, போங்க. சிரிக்கக் கூடாது.”

பிறகு எல்லாரும் எக்ஸ்ரே அறைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே யாரும் இல்லை. மகள் குச்சியை நீட்டினாள்.

“நில்லு!”

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் சொல். அன்றைக்குச் சோதனைச்சாவடியில் சிப்பாய் போட்ட அதே அதட்டல்.

அம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கயிற்றை அவிழ்த்து இழுத்தாள்.

“வேற விளையாட்டே கிடைக்கலையா உங்களுக்கு?”

கேப்டன் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுக்காதீங்க ஆன்ட்டி. இருட்டினா அவரு வருவாரு. கயிறு இருந்தா நின்னுடுவாரு.”

“யாருடி?”

கேப்டன் நடையின் கோடியைப் பார்த்தாள்.

“கதை கட்டாதே. கையை எடு.”

கயிற்றை முற்றத்தில் கொடியாகக் கட்டி, மகளின் ஈரக் கவுனைக் காயப்போட்டாள்.

இருட்டும் நேரத்தில் மின்சாரம் போனது.

யாரும் சொல்லாமலே பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்கள்.

“எழுந்திரு கண்ணு.”

மகள் அசையவில்லை.

டீசல் வாடை. நனைந்த தோலின் வாடை. சோதனைச்சாவடியில் அடித்த அதே வாடைதான்.

எக்ஸ்ரே அறைப் பக்கம் பூட்ஸ் சத்தம். நிதானமாக, அவசரமே இல்லாமல்.

மகளை வாரித் தூக்கிக்கொண்டு முற்றத்து வாசலுக்கு ஓடினாள். ஏதோ நெஞ்சில் மோதியது.

கயிறு.

வாசலின் குறுக்கே, வளர்ந்த ஆளின் நெஞ்சு உயரத்தில், விறைப்பாக. அதில் மகளின் கவுன் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கயிற்றின் இரு முனைகளும் இருட்டுக்குள் போயின.

“அம்மா, கையத் தூக்கு,” என்று மகள் காதில் கிசுகிசுத்தாள்.

தூக்கவில்லை. தூக்கினால் மகளை விட வேண்டும். இன்னும் இறுக்கிக்கொண்டாள். பூட்ஸ் சத்தம் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவள் பிடரியில் மூச்சு பட்டது.

பிறகு அது வரிசைப் பக்கம் திரும்பி நடந்தது.

விளக்கு வந்தபோது கயிறு தரையில் கிடந்தது. வரிசையில் ஓர் இடம் காலி. அங்கே ஒரு குச்சி மட்டும்.

போலீஸ் வந்தது, தேடியது, போனது. எக்ஸ்ரே அறையின் பூட்டு துருப்பிடித்து அப்படியே இருந்தது.

இப்போது இருட்டுவதற்குள் கயிற்றைக் கட்டுவது அம்மாதான். பிள்ளைகளோடு அவளும் மண்டியிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள்.

“நில்லு!” என்கிறாள் மகள்.

பூட்ஸ் சத்தம் நிற்கிறது. அதை ஒட்டி வந்த சின்ன வெறுங்கால்களின் சத்தமும் நிற்கிறது.

கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பல் சந்தில் பிசிறும் குரல் கேட்கிறது.

“கார்டு, ஆன்ட்டி?”