வெட்டி எறிந்த கடைசி வரி

குடியாத்தத்தில் அந்த மாடி வீட்டுக்கு வஹீதா வந்து இறங்கியது நல்ல மத்தியான வெயிலில். ஒரு லோடு ஆட்டோ, ஒரு பீரோ, ஒரு தையல் மெஷின், ஏழு வயது மகள் சஹர். புருஷன் ஒவைஸ் பெங்களூரில் லாரி ஓட்டுகிறான். வீடு மாற்றும் வேலைக்கெல்லாம் அவன் வந்து நின்ற சரித்திரம் கிடையாது. தெரு முழுக்க லுங்கி நெய்யும் பவர்லூம்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. வஹீதாவுக்கு அதுதான் பிடித்திருந்தது.

வீட்டுக்காரம்மா செண்பகம் சாவியோடு படியில் நின்றாள். "உனக்காகத்தான் நேத்து சுண்ணாம்பு அடிச்சு வச்சேன்மா. வாசனை ரெண்டு நாள்ல போய்டும்."

ஈரச் சுண்ணாம்பு. அதற்கு அடியில் இன்னொரு நாற்றமும் இருந்தது. தொட்டியில் ஊறி முடி கழலும் பச்சைத் தோலின் நாற்றம். ஆம்பூரில் பிறந்து வளர்ந்த மூக்கு அதைத் தவறவிடாது. ஆனால் இந்தத் தெருவில் தோல் பதனிடும் டேனரியே கிடையாது.

"நம்பர் குடு. தெரு பொம்பளைங்க குரூப்ல சேத்து விடறேன்" என்றாள் செண்பகம்.

வேண்டாம் என்று சொல்ல வஹீதாவுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. இருந்த காரணத்தைச் சொல்ல முடியாது.

அவள் சொல்லாவிட்டால் என்ன, நாம் சொல்லலாம். ஆம்பூரிலும் இப்படி ஒரு குரூப் இருந்தது. தெருவில் யாருக்குத் தலை வலித்தாலும் அதில்தான் கேட்பார்கள். வஹீதா பதில் போடுவாள். ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர் அவள். வைத்தியத்துக்கும் அவளுக்கும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம். கேள்வியை அப்படியே போனில் இருக்கும் ஏ.ஐ.யிடம் கேட்பாள். அது தருவதை எடுத்து, அடியில் 'வஹீதா' என்று தன் பெயரைப் போட்டு அனுப்புவாள். எந்தப் பதிலானாலும் கடைசியில் 'உடனே மருத்துவரைப் பாருங்கள்' என்கிற மாதிரி ஒரு வரி வரும். அதை மட்டும் வெட்டிவிடுவாள். அது இருந்தால் தன்னை யார் மதிப்பார்கள் என்ற நினைப்பு. தெரு அவளை டாக்டரம்மா என்றது. கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், போகப் போகக் கேலி உதிர்ந்துபோனது.

முத்துமாரிக்கு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. ஒரு நாள் தோலை இழுத்துப் போடும்போது சுண்ணாம்புத் தண்ணீர் இரண்டு கண்ணிலும் அடித்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தவள் குரூப்பில் வாய்ஸ் போட்டாள். "அக்கா, கண்ல சுண்ணாம்பு பட்டுடுச்சு. ரொம்ப எரியுது. இன்னா போடறது?"

சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம், ஒன்றை ஒன்று முறிக்கும் என்றது போன். வேறு ஊராக இருந்தால் கண்ணில் எலுமிச்சையா என்று யாராவது கேட்டிருப்பார்கள். இதுவோ ஆம்பூர். சுண்ணாம்பில் ஊறிய தோலை டிரம்மில் போட்டுப் அமிலம் விட்டுத்தான் காரத்தை முறிப்பது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். "கரெக்ட், தோலுக்கும் அதானே பண்றோம்" என்று நாலு பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். செத்த மாட்டுத் தோலுக்குச் செய்வதை உயிருள்ள கண்ணுக்குச் செய்தார்கள்.

அன்றைக்கு வஹீதா வெட்டி எறிந்த கடைசி வரி இது: 'முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி நிறுத்தாமல் கழுவுங்கள், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.'

இரண்டு கண்ணும் போயின. சில வாரம் கழித்து, தட்டுத் தடுமாறித் தண்டவாளத்தைத் தாண்டப் போனவளை ரயில் அடித்துப் போட்டது. வஹீதா தன் பதிலை அழித்தாள். அழித்தால் தீர்ந்ததா? 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்ற சொற்கள் முத்துமாரியின் குரலுக்குக் கீழே குந்திக்கொண்டிருந்தன. தெருவில் சலாம் சொன்னால் பதில் சலாம் வரவில்லை. குழாயடியில் அவள் போய் நின்றால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். நகராமல் என்ன செய்வார்கள்!

அதனால்தான் இந்தக் குடியாத்தம்.

வந்த மறுநாள் மாடிப்படிக் கைப்பிடியில் வெள்ளையாக ஒரு கைத்தடம் இருந்தது. சுண்ணாம்பு அடித்த ஆள் வைத்துவிட்டுப் போயிருப்பான் என்று துடைத்தாள். அடுத்த நாள் அது நாலு படி மேலே இருந்தது. ஈரமாக.

பிறகு பச்சைக் கதவில் பல தடங்கள், தாழ்ப்பாளைத் தேடித் தடவிய மாதிரி.

பிறகு வீட்டுக்குள்ளே, ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய கறுப்பு புர்காவில். முகம் வரும் இடத்தில்.

"அம்மி, ஒரு அக்கா செவுத்த தடவிக்கினே வர்றாங்க" என்றாள் சஹர், இட்லியைப் பிய்த்துக்கொண்டே. "உங்க பேரச் சொல்றாங்க."

வஹீதா அன்று முழுக்க வீட்டைக் கழுவித் தள்ளினாள். குரூப்பில் ஒரு எழுத்துக்கூடப் போடுவதில்லை என்று குர்ஆன் மேல் ஆணையிட்டாள். அந்த ஆணை மெட்ராஸ் ஐ வரும்வரை தாங்கியது.

தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கண் சிவந்து உட்கார்ந்திருந்தது. செண்பகம்தான் குரூப்பில் கேட்டாள். "பேத்திக்கு கண்ணு ரொம்ப எரியுதாம். இன்னா போடறது?"

அதே சொற்கள். வஹீதா அதை இரண்டு முறை படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை நாளில் அந்தத் தெருவில் ஒருத்தி அவளை ஏறெடுத்துப் பார்த்துக் கேட்டதில்லை. கைதட்டலுக்குப் பழகிய கை சும்மா இருக்குமா? போனிடம் கேட்டாள். படிகாரம், பன்னீர், இத்தனை சொட்டு என்று அது விலாவாரியாக அடுக்கியது. கடைசி வரிக்கு வந்ததும் கட்டை விரல் தானாக அதை வெட்டியது. அடியில் 'வஹீதா'.

இதயங்களும் கும்பிடுகளும் வந்து விழுந்தன. "நீ டாக்டருக்குப் படிச்சியாம்மா?" என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்று அவள் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் சஹர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. வஹீதா டாக்டரிடம் கிளம்பச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் படிகாரம், தன் மகளுக்கு டாக்டர்.

செண்பகம் கிண்ணத்தோடு படியேறி வந்தாள். "பேத்திக்குக் கலக்கினேன். உன் பொண்ணுக்கும் ரெண்டு சொட்டு விடலாம்னு கொண்டாந்தேன். நீ சொன்ன அளவுதான்."

"இப்ப வேணாம்க்கா. அப்பறம் விடறேன்."

"இன்னா அப்பறம்? நீதான சொன்ன, வுட்டதும் எரிச்சல் அடங்கிடும்னு."

சஹர் பாயில் படுத்து, நம்பிக்கையோடு கண்ணை விரித்துக் காட்டினாள்.

கரண்ட் போனது.

தெருவின் தறிகள் எல்லாம் ஒருசேர நின்றன. இந்த வீட்டுக்கு வந்தபின் வஹீதா முதல்முறையாக முழு அமைதியைக் கேட்டாள். அந்த அமைதிக்குள் வேறொரு சத்தம் இருந்தது. ஈரத் தோலைத் தரையில் இழுக்கும் சத்தம்.

படியில்.

வாசலில்.

அறைக்குள் எலுமிச்சை மணந்தது. செண்பகத்தின் கிண்ணத்திலிருந்து வந்தது அது.

"அக்கா, அதுல இன்னா கலந்தீங்க?"

"நீ சொன்னதுதான்." செண்பகம் குனிந்துகொண்டிருந்தாள். அரையிருட்டில் சஹரின் இமையை விரித்துப் பிடித்திருந்த கையை வஹீதா பார்த்தாள். செண்பகத்தின் இரண்டு கைகளும் கிண்ணத்தைப் பிடித்திருந்தன.

இமையைப் பிடித்திருந்தது மூன்றாவது கை. முழங்கைவரை வெள்ளை. விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது.

சொட்டு கிண்ணத்தின் விளிம்பில் திரண்டு நின்றது.

"ஊத்தாதீங்க." வஹீதா பாய்ந்தாள். கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். அது சுவரில் மோதி உருண்டது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. போன் சொன்னத என் பேர்ல போட்டேன். டாக்டர்கிட்ட போங்கன்னு இருந்துது. அத நான்தான் வெட்டினேன். அங்கயும் வெட்டினேன். ஒருத்தி செத்துட்டா."

செண்பகம் அவளையே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. "பேத்திக்கு வுட்டுட்டுத்தான்டி வரேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள்.

சஹரின் இமையை விட்டது அந்தக் கை.

இருட்டில் அது தடவிக்கொண்டு வந்தது. பாயை, தரையை, வஹீதாவின் பாதத்தை. நிதானமாக மேலேறி, கன்னத்தைக் கண்டுபிடித்தது. சில்லென்று, குழகுழவென்று இருந்தது. இன்னொரு கையும் வந்து சேர, இரண்டு கட்டை விரல்கள் அவள் கண்கள் மேல் வந்து அமர்ந்தன.

காதோரம் ஒரு குரல். "எரியுது. இன்னா போடறது, அக்கா?"

"தண்ணி" என்று அலறினாள் வஹீதா. "தண்ணி ஊத்து. ஆஸ்பத்திரிக்குப் போ."

விரல்கள் அழுந்தின.

செண்பகத்தின் பேத்திக்குக் கண் பிழைத்தது, அன்றே தூக்கிக்கொண்டு ஓடியதால். சஹருக்கு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தில் சரியாகிவிட்டது. வஹீதாவைப் பரிசோதித்த வேலூர் டாக்டர் இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பால் வெந்த காயம் என்றார். சுண்ணாம்பு எங்கிருந்து பட்டது என்று கேட்டார், அதற்கு மேல் எலுமிச்சை ஊற்றச் சொன்ன புண்ணியவான் யார் என்றும் கேட்டார்.

கட்டோடு வீடு திரும்பியவளுக்குக் கீழ்வீட்டிலிருந்து ஒரு வேளைச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. ஒவைஸ் வந்து கூட்டிப்போகும்வரை இருந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். போனை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னாள். சாவி அவள் கழுத்துக் கயிற்றில் கிடந்தது.

ஒரு சாயங்காலம் தறிகள் நின்ற நேரத்தில் செண்பகம் மேலே வந்தாள். வந்தவள் கதவருகிலேயே நின்றாள்.

"உன் போன் எங்க?"

"பீரோல. சார்ஜ் செத்து ரொம்ப நாளாச்சு. ஏன்க்கா?"

"குரூப்ல புதுசா வந்த பொண்ணு, கொழந்தைக்கு ஜுரம், இன்னா குடுக்கறதுன்னு கேட்டுச்சு." செண்பகத்தின் குரல் தேய்ந்தது. "வஹீதா டைப் பண்றாங்கன்னு காட்டுது. அரை மணியா காட்டுது."

வஹீதா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே பீரோவுக்குப் போனாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. அதன் மேல் அவளுக்கு முன்னால் வேறொரு கை இருந்தது.