துடிப்பு இல்லை

பொம்மையின் கழுத்து வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் பயிற்சிக் கூடத்தின் ஜன்னல்களில் கனத்த திரை தொங்கியது. ஏசி ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. ரப்பரும் ஸ்பிரிட்டும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில், வெகுநேரம் வாய் திறக்காத ஒருவரின் மூச்சைப் போலப் புளித்த வாடை ஒன்று, மண்டியிட்டிருந்த அவளை நோக்கித் தரையோடு ஊர்ந்து வந்தது.

பொம்மைக்கு மாணவிகள் வைத்த பெயர் மாமா. “மாமாவுக்கு என்னடி கவலை? செத்துச் செத்தே நம்மள நர்ஸ் ஆக்கிடுறாரு” என்று வெளியே வரிசையில் நின்ற வாயாடித் தோழி சற்றுமுன் எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தாள். கடைசி வருடத்து இறுதிச் செய்முறைத் தேர்வு மாமாவின் மேல்தான். கேள்வி மாறாது, பதிலும் மாறாது. கழுத்தில் இரண்டு விரல் வைத்து, துடிப்பு இல்லை என்று உரக்கச் சொல்லி, நெஞ்சை அழுத்த வேண்டும்.

இரண்டு முறை கை நடுங்கித் தோற்றிருந்தாள். இதிலும் தோற்றால் படிப்பே போயிற்று. அம்மாவோ பக்கத்து வீடுகளில் ‘எங்க வீட்டு நர்ஸ்’ என்றே பேசத் தொடங்கிவிட்டாள்.

விரல்களுக்கு அடியில் ஏதோ அசைந்தது.

தன் விரல்நுனித் துடிப்பையே நோயாளியுடையது என்று ஏமாறுவது முதல் வருடப் பிள்ளைகள் செய்கிற தவறு. விரல்களைத் தளர்த்தினாள். அவளுடைய இதயம் காதுக்குள் தடதடத்தது. விரலுக்கு அடியில் இருந்ததோ மெதுவாக, நிதானமாக, தூங்குகிறவனுடையதைப் போல.

“மேடம், ஒரு தடவை நீங்களே தொட்டுப் பாருங்களேன்.”

தேர்வு நடத்தும் மேடம் மேசையிலிருந்து நிமிரவில்லை. “பரீட்சை எனக்கா, உனக்கா? மூணாவது தடவையா வந்திருக்க. யோசிச்சுச் சொல்லும்மா.”

யோசித்தாள்.

“துடிப்பு இல்லை.”

கைகளைக் கோத்து அழுத்தினாள். சரியான ஆழத்தில் ‘டக்’ என்று ஸ்பிரிங் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஈரக் குச்சி முறிவது போன்ற சத்தம்தான் கேட்டது.

“ஆழம் பத்தல.”

இன்னும் அழுத்தினாள். உள்ளே ஏதோ வழுக்கியது. பாதி திறந்த வாயிலிருந்து காற்று வந்தது. சூடான காற்று. அவள் அழுத்தாத நொடியிலும் வந்தது.

“நிறுத்தாத.”

எண்ணினாள். அழுதாள். எண்ணினாள்.

“போதும். மறுபடி பாரு.”

விரல் வைத்தாள். ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

பிறகு ஒன்றுமில்லை.

“துடிப்பு இல்லை.”

“பாஸ். கை நடுங்கவே இல்ல, பாத்தியா? அடுத்த பொண்ண வரச் சொல்லு.”

வாசலில் வாயாடி அவள் தோளை இடித்தாள். “என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற? மாமா கடிச்சிட்டாரா?”

சொல்லிவிடலாம். சொன்னால் தேர்வை ரத்து செய்வார்கள். மறுபடி முதலிலிருந்து.

“ஒண்ணுமில்லடி. போ.”

கதவு மூடியது. அவள் அங்கேயே நின்று பார்த்தாள். கதவுக் கண்ணாடியில் தெரிந்தது. வாயாடி மண்டியிட்டாள். கழுத்தில் விரல் வைத்தாள். சிரிப்பு நின்றது. மேசைப் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். மேடம் எழுதிக்கொண்டே இருந்தார்.

வாயாடியின் உதடுகள் இரண்டு சொற்களுக்கு அசைந்தன.

அழுத்தத் தொடங்கினாள். தரையிலிருந்து ஒரு ரப்பர் கை எழுந்தது. தடவித் தடவி அவளுடைய வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டது, குழந்தை பிடிப்பதைப் போல. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிடி இறுகியது.

வாயாடி குனிந்து அதைப் பார்த்தாள். உரக்க எண்ணிக்கொண்டே, இன்னும் ஆழமாக அழுத்தினாள்.