மென்ற சோறு

வேன் பாலத்தைத் தாண்டும்போதுதான் மகரா அதைக் கவனித்தான். வலது தோளில், புதுச் சட்டையின் தையலுக்குச் சற்று மேலே, ஒரே ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. பசைச் சோறு, கூடவே ஒரு கறுப்பு எள். வீட்டில் ஒரு வாரமாக அடுப்பே பற்றவைக்கவில்லை, இது எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தபடி சுண்டிவிடப் போனான். சுண்ட வரவில்லை, விரலில் நசுங்கியது. ஈரமாக, வெதுவெதுப்பாக, யாரோ பாதி மென்று விட்டதுபோல இருந்தது.

மகராவுக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். அடுத்தவர் வாய்வைத்த தம்ளரைத் தொட மாட்டான். சொந்த அக்காவின் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டு எடுத்துத் தின்றதில்லை. விரலைக் கைக்குட்டையில் துடைத்தான், பிறகு கைக்குட்டையையே ஜன்னல் வழியாக வீசிவிட்டு உட்கார்ந்தான்.

வேன் கிட்டத்தட்ட காலி. எதிர்ப்பக்கம் மட்டும் வண்டிகள் மூட்டையும் பிள்ளைகளுமாகப் பிதுங்கிக்கொண்டு போயின. பிச்சும் திருநாளின் பதினைந்தாம் நாள் அது. தலைநகரமான புனோம் பென்னே கதவைப் பூட்டிவிட்டு சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. செத்தவர்கள் பூமிக்கு வந்துபோக வழி திறந்திருக்கும் இந்தப் பதினைந்து நாளும் விடியுமுன் கோயிலுக்குப் போய், இருட்டிலேயே, எள்ளுச் சோற்றை உருட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எறிய வேண்டும். இன்றைக்குப் பொழுது சாய்ந்தால் வழி அடைபடும். மகராவின் அம்மா செத்தபின் வரும் முதல் பிச்சும் இது. பதினான்கு விடியலும் அவன் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினான். பதினைந்தாவது விடியலுக்கு மட்டும் எழுந்தான், அதுவும் தலைநகரத்தைப் பார்க்க வேன் பிடிப்பதற்காக.

ஒரு மணி நேரத்துக்கு முன், வெளியே இன்னும் இருட்டாக இருந்தபோது, அக்கா தியாரி தாய்லாந்திலிருந்து கூப்பிட்டிருந்தாள். அவளுக்கு மீன் டப்பாத் தொழிற்சாலையில் வேலை, லீவு கிடையாது.

"கோயில்லதானே இருக்கே?"

"ஆமாக்கா."

"வண்டிச் சத்தம் கேக்குதே."

"வாசல்ல ஒரே கூட்டம்."

"உருண்டை கையில இருக்கில்ல? கூப்பிடு, என் காதால கேக்கணும்."

"தினம் கூப்பிட்டுட்டுதானேக்கா இருக்கேன்."

"நான் கேக்கலையே. உனக்குப் பல்லு முளைக்கிற வரைக்கும் தன் வாயில மென்னு மென்னு எடுத்து ஊட்டுனவடா அவ. பேரச் சொல்லிக் கூப்பிட உனக்கு வாய் வலிக்குதா?"

அந்த மென்ற சோற்றுக் கதை வந்தாலே அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பான். பேச்சை முடித்தால் போதும் என்று, வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு, போனுக்குள் சொன்னான். "அம்மா, சிம் சாருன் அம்மா, வாம்மா. வந்து என் கையால சாப்பிடு."

அந்தப் பக்கம் தியாரி அழுதாள். முன்சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். அவன் முகத்தை அல்ல, கையை. "கையில ஒண்ணுமில்லாம யாரைய்யா கூப்பிடறே?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார். அது அவர் இறங்கவேண்டிய ஊர்தானா என்பது மகராவுக்குத் தெரியாது.

போகட்டும் என்று விட்டுவிட்டான். தலைநகரம் வந்துவிட்டது. மஞ்சள் குவிமாடம் போட்ட பெரிய சந்தை, படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக நின்றது. ஆனால் உள்ளே பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது, மீன் வரிசையில் கழுவாத கற்பலகைகள் காய்ந்துகொண்டிருந்தன, வடிகாலில் தேங்கிய தண்ணீரின் வாடையும் அழுகிய டுரியான் பழத்தோலின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. அதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. புளித்த சோறு. அவன் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

திறந்திருந்த ஒரு கடையில் மீன்குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ் வாங்கி உட்கார்ந்தான். கடைக்கார அம்மாள் அவன் தோளைப் பார்த்துச் சிரித்தாள்.

"நேரா கோயில்லேர்ந்து வர்றியா தம்பி? சோத்தை அவங்களுக்குப் போட்டியா, உன் மேலயே போட்டுக்கிட்டியா?"

தோளில் இப்போது நான்கு பருக்கைகள். ஒன்று காதுமடலின் பின்னால் இருந்தது. அவன் தொட்டதும் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தான். கிண்ணத்துக்குத் திரும்பி ஒரு வாய் அள்ளி மென்றபோது நூடுல்ஸுக்கு நடுவே வேறு ஏதோ மாவாகக் கரைந்தது. துப்பினான். கைக்குள் விழுந்தது அரைத்து உருட்டிய சோறு, எள்ளோடு. குழம்பில் சோறு ஏது?

"என் கடையில இதெல்லாம் கிடையாது தம்பி. நீ வரும்போதே வாயில வச்சிருந்திருப்பே," என்றாள் அவள், சிரிப்பை நிறுத்திவிட்டு.

அரண்மனை வாசலுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்காரனைப் பிடித்தான். கொஞ்ச தூரத்திலேயே வண்டிக்காரன் முகமூடியை மூக்கின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். "என்ன தம்பி, புளிச்ச கஞ்சியில குளிச்சிட்டு வந்தியா? குடலைப் புடுங்குது." மகராவுக்கு அவமானத்தில் காது சுட்டது. அதைவிட, வண்டி ஓடும்போது தோள் கனத்தது. ஒரு தலை சாய்ந்திருக்கும் கனம்தான். கனத்த இடத்தில் சட்டை நனைந்திருந்தது.

தங்கக் கூரைகளுக்கு முன்னால் புறாக்கள் மேய்ந்தன. அவன் நின்றதும் அவை மொத்தமாக அவன் காலடிக்கு ஓடிவந்து எதையோ கொத்தத் தொடங்கின, பிறகு கொத்தியதைக் கக்கிவிட்டுப் பறந்துபோயின. அவன் பார்க்கவில்லை. ஆற்றங்கரைக்குப் போய் காற்று வாங்கினான், கரும்புச் சாறு வாங்கினான், ஒரு மிடறும் இறங்கவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது, ஏனென்றால் அந்த அடைப்பை அவன் முன்பே பார்த்திருக்கிறான்.

அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. கடைசி மாதம் வாய் விரலளவுக்குமேல் திறக்கவில்லை. ஓரமெல்லாம் புண், சீழ், ஒழுகும் எச்சில். கஞ்சியை வடிகட்டிக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விடு என்று தியாரி போனிலேயே சொல்லித்தந்தாள். மகரா கிண்ணத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவான். சாயங்காலம் ஏடு படிந்த கஞ்சியை வாத்துகளுக்குக் கொட்டுவான். சாப்பிட்டாளா என்று அக்கா கேட்பாள். சாப்பிட்டா என்பான். அம்மா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். பசியோடுதான் செத்தாள். அது அவனுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

ஆற்றங்கரைக் கோயிலுக்குள் ஓடும்போது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. மொட்டையடித்து வெள்ளை உடுத்திய பெண் துறவி ஒருத்தி முற்றத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, ஒரு உருண்டை வேணும். அம்மாவுக்கு."

"இப்பவா வர்றே? விடியக்காலையிலேயே எல்லாம் முடிஞ்சுபோச்சே." நிமிர்ந்தவள் அவன் தோளைப் பார்த்தாள். பாயைக் கீழே வைத்தாள். "வெறுங்கையோட கூப்பிட்டியா?"

அவன் தலையசைத்தான்.

"படுபாவி. ஊட்டுற வரைக்கும் உன்னை விட்டு எறங்க மாட்டா." தட்டின் ஓரத்தில் காய்ந்துகிடந்த ஒரு உருண்டையைத் தேடி எடுத்து, அவனைத் தொடாமல் உள்ளங்கையில் போட்டாள். "வெளிச்சத்துல வாங்கிக்க மாட்டாங்க. கோயிலுக்குப் பின்னால, மதிலோரம் போ. பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடு."

கோயில் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடுக்கு. அங்கே அப்போதே இருட்டிவிட்டது. பதினைந்து நாளாக ஊர் எறிந்த சோறெல்லாம் அங்கேதான் கிடந்தது. செருப்பு புதைந்தது. சாம்பல் பூஞ்சை பூத்த உருண்டைகள், எறும்பு மொய்த்த உருண்டைகள், மழையில் கரைந்து கூழானவை. மிதிக்க மிதிக்கப் புளித்த வாடை நீராவியாக எழும்பி அவன் முகத்தில் படிந்தது. வாயால் மூச்சு விட்டான். வாயிலும் அதே ருசி.

கையை நீட்டினான்.

"சிம் சாருன் அம்மா. வாம்மா. சாப்பிடு."

தோளின் கனம் அசைந்தது. ஒரு கன்னம் அவன் கன்னத்தை உரசிக்கொண்டு முன்னால் வந்தது. குளிர்ந்த கன்னம். ஈரம். கண்ணை மூடிக்கொண்டான். பிறகு திறந்தான்.

அம்மாதான். கண், மூக்கு, நெற்றித் தழும்பு எல்லாம் அம்மா. வாய் மட்டும் இல்லை. வாய் இருந்த இடத்தில் ஓர் ஊசி நுழையும் துளை. அதைச் சுற்றித் தாடைவரை சோறு அப்பியிருந்தது. காய்ந்தது, புதியது, அடுக்கு அடுக்காக. கோயில் கோயிலாக அலைந்து யார் யாருக்கோ போட்டதையெல்லாம் அள்ளியும் துளைக்குள் நுழையாமல் போன சோறு.

அவன் கையை இழுத்து, அதிலிருந்த உருண்டையைத் துளையில் வைத்து அழுத்தினாள். நுழையவில்லை. நசுங்கியது. ஒரு பருக்கை உதிர்ந்து அவன் தோளில் விழுந்தது.

காலையிலிருந்து விழுந்தது அதுதான்.

அம்மா அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. பசி மட்டும். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மெல்லத் திருப்பினாள். அவன் வாய்க்கே கொண்டுவந்தாள்.

"வேணாம்மா."

இரண்டு விரலால் அவன் உதட்டைத் தட்டினாள். வாயைத் திற என்று குழந்தைக்குத் தட்டுவது போல.

பல்லைக் கடித்தான். அவள் தாடையை அழுத்தினாள். திறந்துகொண்டது. சோறு. புழுதி. எறும்பு ஒன்று நாக்கில் ஊர்ந்தது. மென்றான். குமட்டியது. மென்றான். கூழாகும் வரை மென்றான். அவள் முகம் நெருங்கியது. சீழ் வாடை. துளை அவன் உதட்டில் பொருந்தியது.

உறிஞ்சினாள்.

ஒரு நூல் அளவு போயிற்று. அவள் தொண்டை ஏறி இறங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, ஒரு விழுங்கல். மகரா அழுதான், வாந்தி வந்தது, அதையும் அவள் வீணாக்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. தியாரியாகத்தான் இருக்கும். சாப்பிட்டாளா என்று கேட்பாள். முற்றத்தில் முரசு கொட்டினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, வழி அடைபட்டுவிட்டது. அம்மா போகவில்லை. அவன் முகவாயை ஒரு கையால் பிடித்தபடியே குனிந்தாள். காலடியில் கிடந்த பதினைந்து நாள் சோற்றிலிருந்து, பூஞ்சை பூத்த ஓர் உருண்டையை எடுத்து, ஒட்டியிருந்த எறும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, அவன் உதட்டில் இரண்டு தட்டு தட்டினாள்.