கத்தி படாத தேயிலை

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்த பிறகு, கம்ப்யூட்டரின் முதுகிலிருந்த சின்ன விசிறி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. றோலண்ட் அதைக் கண்ணால் பார்த்தான். காலையிலிருந்து கரண்டு கொடுத்தபோதெல்லாம் அசையாமல் கிடந்த விசிறிக்கு, கரண்டை எடுத்ததும் என்ன உற்சாகம் என்று எரிச்சல்தான் வந்தது. மிச்சக் கரண்டு உள்ளே தங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

எண்பத்தெட்டாம் வருடம். லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ். அந்தப் பக்கத்துக்கே முதன்முதலாக வந்திறங்கிய கம்ப்யூட்டர் அது. கொழும்பில் கொஞ்சநாள் படித்துவந்த கிளாக்கர் என்பதால் றோலண்டை அதன் முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். நினைவு போதாமல் அது வேலைக்கு நடுவே நின்று நின்று போனது. தோட்டத்துத் துரை ஊரில் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து, கொழும்பு சிநேகிதன் கொடுத்த மெமரி அட்டையை எடுத்துவந்து, யாரிடமும் கேட்காமல் மூடியைக் கழற்றி உள்ளே செருகிவிட்டான். திங்கட்கிழமை துரை பார்த்து மெச்சவேண்டும் என்ற ஆசை. செருகியதோடு சரி, பெட்டி மூச்சுவிடவில்லை.

மூடியில் கைவைக்கிறவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று துரை முதலிலேயே சொல்லியிருந்தார். வேலை போனால் தோட்டம் கொடுத்த குவாட்டர்சும் போகும். குவாட்டர்சில் அவன் மனைவி பவுலின் இருந்தாள். பிறக்குமுன்பே இரண்டைப் பறிகொடுத்த பிறகு தங்கிய பிள்ளை அவள் மடியில் இருந்தது. ஃபாதர் மழை விட்டபிறகு வருவதாகச் சொல்லியிருந்ததால் இன்னும் ஞானஸ்நானம்கூட ஆகவில்லை. இந்த அடைமழையில் அந்தப் பச்சைமண்ணைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பது?

அட்டையை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினான். பிளக்கில் பியூசை மாற்றினான். அட்டையே இல்லாமல் போட்டுப்பார்த்தான். நல்லபடியாக இருந்தால் போட்டதும் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும், வறண்ட சின்னச் சத்தம். அந்த ஒரு சத்தத்துக்காகக் காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். வரவில்லை. பெட்டியின் தகரத்தைத் தொட்டால் மட்டும் விரல் நுனியில் சுருசுருவென்று கரண்டு ஏறியது.

பின்னேரம் தேயிலை ஃபெக்டரியில் கரண்டு வேலை பார்க்கும் ஆண்டியப்பனைக் கூட்டிவந்தான். மஸ்கெலியாவிலிருந்து புதிதாக வந்தவன். பல்பை வைத்துத் தொட்டுப்பார்த்துவிட்டு, இந்தக் கட்டடத்தின் பழைய வயரிங்கில் எர்த்தே இல்லை, மண்ணில் கம்பி இறக்கினால் சரியாகிவிடும் என்றான். றோலண்டுக்கு உயிர் வந்தது.

ஆபீஸ் முன்பு பிள்ளைக்காம்பராவாக இருந்த கட்டடம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் உத்திரத்தில் வரிசையாக இருந்தன. ஈரநாட்களில் சுவரிலிருந்து புளித்த பால் வாடை வரும். எத்தனை தடவை வெள்ளையடித்தும் அது போகவில்லை.

பின்னால் மலைச்சரிவு முழுவதும் கவ்வாத்து வெட்டி, தேயிலை முழங்காலளவு குச்சியாக நின்றது. நடுவில் ஒரு நிரை மட்டும் ஆள் உயரத்துக்கு இருண்டு வளர்ந்திருந்தது. சோம்பேறிகள், விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று றோலண்ட் நினைத்தான். அதனடியில் மண் ஈரமாக, பொதபொதவென்று இருந்தது. எர்த்துக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது என்று ஆண்டியப்பன் குழி தோண்டி, கரியும் கல்லுப்பும் கொட்டி, செம்புக்கம்பியை நட்டான். சுத்தியலுக்கு வேலையில்லை. கையால் அழுத்தவே கம்பி இறங்கியது.

ஆபீஸ் கூட்டும் வேலாயி விளக்குமாற்றோடு பின்வாசலில் வந்து நின்றாள். முன்பு பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தவள்.

“அங்க வேணாங்கய்யா. கக்குவான் இருமல் வந்த வருசம் தொட்டில்ல கெடந்ததுகள எல்லாம் அங்கதான் வச்சோம். அந்த நெரையில யாரும் கத்தி வைக்கிறதில்லீங்க.”

ஆண்டியப்பனின் கை நின்றது. உப்பு ஒட்டியிருந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு றோலண்டைப் பார்த்தான். றோலண்டின் கண்ணுக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. செத்தவர்களுக்குக் கரண்டால் ஒன்றும் ஆகிவிடாது, வயரை முடுக்கு என்று சொன்னான். சொல்லும்போதே அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

“பாலுக்கு அழுவுனா நான் தகரத்தத் தட்டுவேன். மலையில நிக்கிற தாயி எறங்கி வந்துருவா,” என்றாள் வேலாயி. “இப்ப அழுவுனா யாருங்கய்யா வருவா?”

பதிலுக்கு நிற்காமல் விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டு தொழிலாளர் லயத்துப் பக்கம் போனாள். கம்பியிலிருந்து வந்த வயரைப் பெட்டியோடு சேர்த்து முடுக்கியதும் ஆண்டியப்பனும் கிளம்பிவிட்டான்.

மலையிலிருந்து பனிப்புகை இறங்கி ஜன்னலை மூடியது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, ஃபெக்டரியிலிருந்து வாடும் கொழுந்தின் பச்சை வாசம் எட்டிப்பார்த்துவிட்டு, புளித்த பால் வாடைக்குள் அமுங்கிப்போனது. றோலண்ட் சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினான்.

விசிறி சுற்றியது. திரை விழித்தது. நினைவைக் கூட்டும் பச்சை எண்கள் புது அட்டையையும் சேர்த்து ஏறின. கண்ணில் நீர் வர, அந்த ‘பீப்’புக்காகக் காதைக் கொடுத்தான்.

பெட்டிக்குள்ளிருந்து வந்தது வேறு. முதலில் மெல்லிய இழுப்பு. சளி கட்டிய தொண்டையின் இழுப்பு. பிறகு இருமல். இருமி முடித்து, மூச்சுப் பிடித்து, வீறிட்டு அழுதது.

சுவிட்சை அணைத்தான். அழுகை நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். திரை பச்சையாகவே இருந்தது. பின்வாசல் வழியாகப் போகும் எர்த் வயர் மட்டும், யாரோ மறுமுனையைப் பிடித்திருப்பதுபோல, விண்ணென்று இழுபட்டு நின்றது.

குறடு மேசைமேல்தான் கிடந்தது. கையில் எடுத்தான். ஒரு வெட்டு போதும். வெட்டினால் பெட்டி மறுபடி செத்துப்போகும். திங்கட்கிழமை துரை வருவார். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். தானாக அடங்கலாம்.

உத்திரத்தில் ஒரு கொக்கி கிறீச்சிட்டது. அடுத்ததும்.

வாசலில் ஈரக்கால் சத்தம். பவுலின். குடையில்லை, செருப்பில்லை, தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. அவனைப் பார்க்காமல் நேரே வந்து பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சட்டையின் முன்புறம் பாலில் நனைந்து ஒட்டியிருந்தது.

“என்னங்க, பிள்ள இவ்வளவு நேரமா அழுவுது. தூக்காம நிக்கிறீங்களே.”

பிள்ளையை எங்கே விட்டு வந்தாய் என்று கேட்டான். அவள் பெட்டியைக் காட்டினாள். வயரை மடியில் இழுத்துப்போட்டு, சட்டையை விலக்கினாள். அழுகை அடங்கியது. சப்புகிற சத்தம். ஒன்றல்ல. பல.

குறடை வயரில் வைத்து நெரித்தான். வயர் அறுந்து விழுந்தது. சப்புகிற சத்தம் நிற்கவில்லை. பவுலின் கண்ணை மூடி, மெல்ல முன்னும் பின்னும் ஆடினாள்.

ஓடினான். மழை. சேறு. குவாட்டர்ஸ் கதவு திறந்து கிடந்தது. விளக்கு எரிந்தது. காற்றில்லாத அறையில் சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

“தம்பி,” என்றான்.

தொட்டிலை விலக்கினான். பிள்ளை விழித்திருந்தது. உயிரோடுதான் இருந்தது. கை கால் அசைந்தது. உதட்டோரத்தில் கரி. நாக்கில் உப்புக்கல். அவனைப் பார்த்தது. பசியில் முகம் கோணியது. அழுவதற்கு வாயை அகலத் திறந்தது.

காலையிலிருந்து அவன் காத்திருந்த சத்தம் அந்த வாயிலிருந்து வந்தது.

பீப்.