கூட வந்த நடை

அவள் நின்றாள். பின்னால் கேட்ட நடை, ஓரடி தாமதமாக நின்றது.

மதியம்தான். ஆனாலும் குன்றுப் பாதையில் மூடுபனி இறங்கி, முன்னால் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாதபடி எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. எதிரொலியாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். எதிரொலி நொண்டுமா? அவள் நடை சரளைக்கல்லில் சரக் சரக்கென்று ஒழுங்காக விழுந்தது. பின்னால் வந்ததோ ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தரையோடு இழுத்து, மறுபடி ஊன்றி, மறுபடி இழுத்து வந்தது. ஈர மண்ணின் மணத்துக்கு நடுவே இன்னொரு வாடையும் வந்தது. நாள்பட்ட புண்ணின் கட்டைப் பிரித்ததும் முகத்தில் அடிக்குமே, அது. பாதி வாழ்க்கையை வார்டில் கழித்த நர்ஸ் அவள். அந்த வாடையை அவள் மூக்குக்கு யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை.

திரும்பிப் பார்த்தாள். பனிதான் இருந்தது.

"இன்னைக்கோட முடிஞ்சிடும். நட," என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டாள். நோயாளிகளை அதட்டுகிற அதே குரல். இந்த முறை அது எடுபடவில்லை.

அவள் கணவன் எலக்ட்ரீஷியன். தெருமுனைக் கடைக்குக்கூட பைக்கில் போகிற சோம்பேறி. "நடக்கிற வேலையெல்லாம் உன்னோடது, எனக்கு உக்கார்ற வேலையா பார்த்துக் கொடு" என்று வாய் ஓயாமல் கிண்டலடிப்பவன். ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அந்த வாய் திறக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவளுக்கு வேண்டுதல்களில் பெரிய நம்பிக்கை எதுவும் இருந்ததில்லை. ஆனால் அவனுக்காகச் செய்யாமல் விட்டது என்று ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது என்ற வெறி இருந்தது. வீட்டில் நாத்தனாரை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, குன்றின் உச்சியில் இருக்கும் ஆலயத்துக்கு இந்த நீண்ட நடைக்குத் தனியாகக் கிளம்பினாள். அவன் எழுந்து நடக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்பது.

புறப்பட்ட இடத்தில், தங்குமிடத்தைப் பார்த்துக்கொள்பவர் எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னார்.

"வழியில யாராவது கூட வரட்டுமான்னு கேட்டா, 'உங்க நடை உங்களுக்கு'ன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க. வாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. யாருக்காக நடக்கறீங்கன்னும் போய்ச் சேர்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது."

"ஏன்?"

"நடையை முடிக்காம போனவங்களும் இந்த வழியிலதான் இருக்காங்க."

வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கிற விதிமுறைகள் மாதிரி இதுவும் ஒன்று என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

நேற்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பாதையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஒதுங்குமிடத்தில் நுழைந்தாள். மூலையில், இருட்டுக்குள், யாரோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சத்தில் நீண்டிருந்தவை இரண்டு பாதங்கள் மட்டும். உள்ளங்கால் தோல் வெடித்து, வெடிப்புக்குள் மண் இறுகிக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு அவளால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? பையிலிருந்து பஞ்சும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கட்டும்போது பழக்கத்தில் விரல் கணுக்காலைத் தேடியது. நாடித் துடிப்பு தட்டுப்படவில்லை. குளிரில் தன் விரல்தான் மரத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னால முடியலம்மா," என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, காய்ந்துபோன குரல். "நானும் உன்கூட வரட்டுமா?"

உங்க நடை உங்களுக்கு. சொல்ல வேண்டியது அதுதான். ஆனால் முடியவில்லை என்று சொல்கிறவரிடம் அப்படி ஒரு பதிலை அவள் இன்றுவரை சொன்னதில்லை. சாகப்போகிறவர்களிடம்கூடச் சொன்னதில்லை.

"அதுக்கென்ன, வாங்க. மெதுவா சேர்ந்தே நடந்துடலாம்."

மழை தகரத்தில் கொட்டியது. வீட்டை விட்டு வந்ததிலிருந்து அவள் யாரிடமும் மனம் விட்டுப் பேசியிருக்கவில்லை. குரல் கேட்கக் கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஏணியைச் சொன்னாள், கட்டிலைச் சொன்னாள், தினமும் அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்து மடக்கி நீட்டுவதைச் சொன்னாள்.

"நல்ல காலா?" என்று கேட்டது குரல்.

"காலுக்கு ஒண்ணும் ஆகலை. அடி எல்லாம் தலையிலதான்."

"அப்போ அது சும்மாதான் கெடக்குது."

அவளுக்கு அது ஆறுதலாகத்தான் பட்டது. அழுதுகொண்டே தூங்கிப்போனாள். காலையில் மூலை காலியாக இருந்தது. அவிழ்க்காத கட்டுகள் இரண்டும், உள்ளே பாதம் இல்லாமல், பாதத்தின் வடிவத்தில் தரையில் நின்றிருந்தன.

அப்போதிலிருந்து இந்த நடை.

ஊன்றி, இழுத்து.

வேகமாக நடந்தாள். அதுவும் வேகமாக வந்தது. வாடை இப்போது கழுத்துக்குப் பின்னால் இருந்தது. தண்ணீர் குடிக்க நிற்கவும் பயம், நிற்காமல் போகவும் பயம். "உங்க நடை உங்களுக்கு! உங்க நடை உங்களுக்கு!" என்று கத்தினாள். சொல்ல வேண்டிய நேரத்தில் வராத வாய் இப்போது ஓயாமல் சொன்னது. பனி அதை வாங்கி வைத்துக்கொண்டது.

ஊன்றி. இழுத்து.

தோளுக்குப் பக்கத்தில்.

மூச்சே இல்லாத ஒன்று, காதோரம்.

அவள் ஓடினாள். விழுந்தாள். முழங்கால் கிழிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வருவது வரட்டும் என்று அப்படியே கிடந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

நடை நின்றிருந்தது. வாடையும் போயிருந்தது. எங்கோ ஒரு பறவை கத்தியது. தயங்கித் தயங்கி எழுந்து இரண்டடி வைத்துப் பார்த்தாள். பின்னால் எதுவும் கேட்கவில்லை. இன்னும் இரண்டடி. அவளுடைய காலடிகள் மட்டும்தான். கால் ஓய்ந்து வழியிலேயே நின்றுவிட்டது பாவம், என்று நினைத்துக்கொண்டாள். அந்த நிலையிலும் அவளுக்கு இரக்கம் வந்தது.

மிச்சப் பாதையைத் தனியாக நடந்தாள். இவ்வளவு தூரத்தில் இப்படி ஒரு நிம்மதியை அவள் அனுபவித்ததே இல்லை. உச்சிக்கு வந்தபோது பனி கலைந்து, ஆலயத்தின் கல் வாசல் வெயிலில் கிடந்தது. வாசற்படியில் நெற்றியை வைத்துக் கேட்டாள். "அவர் எழுந்து நடக்கணும்." கேட்டுவிட்டு, குழந்தை மாதிரி அழுதாள்.

அழுதுகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. நாத்தனார், வீடியோவில். முகமெல்லாம் கண்ணீர்.

"அண்ணி! எத்தனை தடவை போடறேன், லைனே கிடைக்கலை! அண்ணன் காலை அசைக்கிறான் அண்ணி! மத்தியானத்துலேர்ந்து!"

"காட்டு! அவரைக் காட்டுடி!"

படம் ஆடி, கட்டிலில் போய் நின்றது. அவன் முகம் அவள் விட்டுவந்தபடியே இருந்தது, கண் மூடி, வாய் லேசாகத் திறந்து. போர்வைக்குள் கால்கள் அசைந்தன. ஒன்று ஊன்றியது. ஒன்று இழுத்தது.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"பிடி அவரை. காலைப் பிடி."

"ஏன் அண்ணி? நல்லதுதானே…"

"பிடிடி!"

கால்கள் கட்டிலை விட்டு இறங்கின. உடம்பு அவற்றுக்கு மேலே, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி தொங்கியபடி எழுந்தது. தலை மார்பில் விழுந்து கிடந்தது. நாத்தனார் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கால்கள் அவளையும் சேர்த்து இழுத்தன. போன் எங்கோ மோதியது, உருண்டது, நாத்தனார் கையில் மறுபடி நிமிர்ந்தது. கதவு திறந்திருந்தது. தெருவில் வெயில்.

நடுத்தெருவில் அவன் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தான். ஊன்றி, இழுத்து.

"அண்ணா! எங்கே போறே? அண்ணா!"

அப்போதுதான் அவனுக்கு விழிப்பு வந்தது. தொங்கிய தலை நிமிர்ந்தது. கால்கள் முன்னே போய்க்கொண்டிருக்க, அவன் கழுத்தை முடிந்த மட்டும் திருப்பிப் பார்த்தான். கண்கள் அகலத் திறந்திருந்தன. எதிர்ப்பட்ட மின்கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"நிறுத்தச் சொல்லு," என்றான், பல மாதம் பேசாத வாயால். "யாராவது இதை நிறுத்தச் சொல்லுங்க."

கால்கள் தெருமுனையில், குன்று இருக்கும் திசைக்குத் திரும்பின.