நடுக்கத்தின் முகவரி

போன் அலறியது.

எடுக்க நெஸிஹாவுக்குக் கை ஒழியவில்லை. இரண்டு கைகளாலும் கணவனின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மொன்ஜியின் ஒரு கால் மொட்டை மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்...

கீழே துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரமே அண்ணாந்து பார்த்தது. நகரமே என்றால் பதினோரு பேர், ஒரு மீன் வண்டி.

ஆறு மாதமாக மொன்ஜியின் கைகளில் நடுக்கம். நடையோ மரக்கட்டை. இரண்டு வியாதிகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே முகத்தோடு வரும் என்றிருந்தார் டாக்டர் ஹாஜர். ஒன்று பார்க்கின்சன், மாத்திரையோடு வருஷக்கணக்கில் ஓட்டலாம். மற்றது மாத்திரைக்கு மசியாது; சில வருஷங்களில் ஆளையே முடித்துவிடும். நரம்பு வேகமாகச் சிதைந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறும். அதுதான் காட்டிக்கொடுக்கும்.

மொன்ஜிக்கு மாத்திரை கேட்கவில்லை. ரத்தம் கொடுத்தான். முடிவு வருமுன்பே தனக்குத் தீர்ப்பும் எழுதிவிட்டான்.

"விடு நெஸிஹா. கட்டையாக் கிடந்து உன்னையும் கொல்லணுமா?"

"ரிசல்ட் வரட்டும். அப்புறம் சேர்ந்தே குதிக்கலாம்."

போனை எடுத்தவன் மொன்ஜியின் தம்பி ராவூஃப். அண்ணனின் ஒலிவத் தோப்பைத் தன் பெயருக்கு மாற்றும் பத்திரத்தோடு வந்திருந்தான். உதவிக்காம்! ஸ்பீக்கரில் போட்டான்.

"புரதம் ஏறவே இல்லை. கொல்ற வியாதி இல்லை," என்றார் டாக்டர்.

மொன்ஜியின் கால் இந்தப் பக்கம் வந்தது.

"அப்புறம் ஏன் மாத்திரை கேக்கலைன்னு மீதி ரத்தத்துல மருந்து தேடச் சொன்னேன். மனநோய்க்குக் கொடுக்கிற சொட்டு மருந்து இருக்கு. அதுதான் நடுங்க வைக்குது. நிறுத்தினா கை பழையபடி ஆயிடும்... அவருக்கு மட்டும் தனியா என்னம்மா கொடுக்கறீங்க?"

பெல்ட்டை விட்டுவிட்டு நெஸிஹா கணக்குப் போட்டாள்.

சாப்பாடு எல்லோருக்கும் ஒரே தட்டில். அவளுக்குத் தேநீர். மொன்ஜிக்கு மட்டும் காப்பி... அதில் வாசனைக்கு ஆரஞ்சுப் பூத்தண்ணீர். தினம் மூன்று வேளை, அவள் கையாலேயே!

அந்தப் புட்டி, பூத்தண்ணீருக்குப் பேர்போன நாபெல் ஊரிலிருந்து ராவூஃப் கொண்டுவந்தது. ஆறு மாதமாகிறது. வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போது தன் காப்பியில் மட்டும் ஒரு சொட்டு விட அவன் சம்மதித்ததில்லை. பூத்தண்ணீரை வேண்டாமென்கிற துனீசியன் உண்டா? அண்ணனுக்காக மிச்சம் பிடிக்கிறான் என்று உருகிப்போயிருந்தாளே!

"ராவூஃப்," என்றாள் மெதுவாக. "இன்னிக்கு உன் காப்பியிலும் பூத்தண்ணி விடட்டுமா?"

பத்திரம் காற்றில் பறந்தது. படியை நோக்கிப் பாய்ந்தவனின் மணிக்கட்டை மொன்ஜி எட்டிப் பிடித்தான். நடுங்கும் கைக்குள் அதைவிட மோசமாக நடுங்கியது இன்னொரு கை.

"இந்த நடுக்கத்துக்கு ரத்தம் எடுக்க வேண்டாம் தம்பி," என்றான் மொன்ஜி. "போலீஸே கண்டுபிடிச்சிடும்."