செல்லியின் மூக்கணாங்கயிறு

செல்லி இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தது.

வித்தைக்காரனிடமிருந்து மீட்டு, மூக்கைத் துளைத்துக் கோத்திருந்த கயிற்றை அறுத்தெறிந்து, நன்னிலம் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்தக் காப்பகத்துக்குக் கொண்டுவந்ததிலிருந்து அந்தக் கரடி ஒருநாளும் அப்படி நின்றதில்லை. இன்று, மழை இருட்டிய சாயங்காலத்தில், கம்பிக்கு அந்தப்பக்கம் முன்னங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டபடி நின்றது. அதற்குத் தீனி வைக்கும் சாமிதுரை ஓரடி பின்வாங்கினான்.

செல்போன் அடித்தது. டாக்டர் ரோஹிணி.

"என்ன சாமிதுரை, செல்லி இளைச்சிக்கிட்டே போகுதே! வயித்துல புழு அப்படியே இருக்கும்போல. பூச்சி மாத்திரைய முழுங்கினத நின்னு பார்த்தீங்கள்ல?"

"பார்த்தேம்மா. நல்லா தின்னுச்சு."

பொய் தானாக வாயில் வந்துவிட்டது. வெல்லம் பிசைந்த சோற்றுருண்டைக்குள் மாத்திரையை வைத்துக் கொடுத்து, அது விழுங்கும்வரை நின்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம். அவனோ ஒவ்வொரு முறையும் உருண்டையை உள்ளே உருட்டிவிட்டு ஓடினான். டவுன் பஸ் வருவதற்குள் கரடி நாற்றம் போகக் குளித்தாக வேண்டும். அவன் தங்கியிருக்கும் மாமனார் வீட்டில் அவனுக்கு ஃபாரஸ்ட் ஆபீஸில் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சீ, இதெல்லாம் ஒரு கௌரவமா! அவனுக்கே கூசியது.

"சரி, காலையில வர்றேன். கூண்டுல இருக்கற வைக்கோல மாத்திடுங்க."

கம்பிக்கு வெளியே நின்றபடியே நீளக் கொக்கியால் வைக்கோலை இழுத்தான். நனைந்த வைக்கோலும் புளித்த வெல்லமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. சம்பா வயலில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, அதற்கும் அடியில் வேறொரு சத்தம் கேட்டது. செல்லியின் தொண்டையிலிருந்து. வெறும் வாயால் எதையோ விழுங்குகிற சத்தம். மறுபடி விழுங்கியது. மறுபடி.

வைக்கோலோடு மாத்திரைகள் உருண்டு வந்தன.

வெள்ளை வெளேரென்று. வெல்லத்தை மட்டும் நக்கிவிட்டுத் துப்பியவை. எல்லாம் அங்கேயே கிடந்தன.

அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே! தன்னையே திட்டிக்கொண்டு போனை அழுத்தினான்.

"டாக்டரம்மா, பொய் சொல்லிட்டேன். முழுங்கல. ஒண்ணுகூட முழுங்கல. இப்பவே வாங்கம்மா."



"அது இப்ப எப்படி இருக்கு? பார்த்துச் சொல்லுங்க."

டார்ச்சைத் திருப்பினான்.

விழுங்கும் சத்தம் நின்றிருந்தது.

செல்லி நின்றது. சுவரில் சாய்ந்து. கும்பிட்ட கை கும்பிட்டபடி. திறந்த கண்ணில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கண் மூடவில்லை.

மூக்கில் கயிறு.

அறுத்த கயிறு. இல்லை. இது வெள்ளை. ஈரம். பழைய துளை வழியே இறங்கித் தொங்கியது.

யார் கட்டியது?

"சாமிதுரை? ஹலோ? அங்கேயே நிக்கிறீங்களா?"

நின்றான். இன்று ஓட முடியவில்லை.

காற்றே இல்லை. கயிறு அசைந்தது. அதன் நுனி ஒரு புழுவின் தலைபோல மெல்ல நிமிர்ந்து, பிடிப்பதற்கு ஒரு கையைத் தேடுவதுபோல், அவன் பக்கம் திரும்பியது.